துரைக்குத் துஷ்டி கேட்கப் போனது

1

போன வெள்ளிக்கிழமை என் மகள் பகவதி கான்வென்டிலிருந்து வந்ததும் நோட்டுப் புத்தகத்தை என் முன்னால் விசிறிப் போட்டாள். பதின்மூன்று வயது. மலாய் நாட்டில் வளர்ந்தவள். பசி வந்தால் தமிழில் பேசுவாள், கோபம் வந்தால் இங்கிலீஷ்தான்.

நோட்டில் பத்து இங்கிலீஷ் வார்த்தைகள் இருந்தன. எல்லாம் மனசு சம்பந்தப்பட்டவை. சந்தோஷத்துக்கு மூன்று, கோபத்துக்கு இரண்டு, பயத்துக்கு இரண்டு, பொறாமைக்கும் வெட்கத்துக்கும் ஒவ்வொன்று, கடைசியில் துக்கத்துக்கு ஒன்று. ஒவ்வொரு வார்த்தைக்கும் சொந்த வாழ்க்கையிலிருந்து ஓர் உதாரணம் எழுதி வரச் சொல்லியிருக்கிறார் அவளுடைய வகுப்புக் கன்னியாஸ்திரி சிஸ்டர். ஒன்பது சரி. பத்தாவது வார்த்தை கிரீஃப். அதற்குப் பகவதி எழுதியிருந்தது இது: 'துரை எங்கள் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார்.' அதன் கீழே சிஸ்டர் சிவப்பு மையில் எழுதியிருந்தார்: 'இது உணர்ச்சி அல்ல. திருத்தி எழுதி வா.'

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரிக்கவில்லை.

"சிரிக்காதீங்கப்பா. ஐ ஆம் ஹ்யூமிலியேட்டட்."

அடுக்களையிலிருந்து என் மனைவி லெட்சுமி எட்டிப் பார்த்தாள். "ஏட்டி, அது என்ன தீனம்? காய்ச்சல் உண்டா?"

இந்த ஆடியோடு நாங்கள் கப்பலேறிப் பத்து வருஷம் ஆகிறது. பத்து வருஷத்தில் ரப்பரைப் பற்றி நாலு விஷயம் கற்றுக்கொண்டேன். இங்கிலீஷில் உணர்ச்சிப்படுவதைப் பற்றி அதைவிடக் குறைவாகவே கற்றேன். ஆனால் ஒரு வருஷம் என் வேலை, பகவதியின் படிப்பு, ஊரில் என் அப்பாவின் கௌரவம் எல்லாம் அந்தக் குறைவான படிப்பில்தான் தொங்கிக்கொண்டிருந்தன. அந்தக் கதையை சிஸ்டரிடம் சொன்னால் புரியாது. கோட்டாற்றிலோ சுசீந்திரத்திலோ இதை வாசிக்கிற உங்களுக்குப் பாதி சொல்லும்போதே புரிந்துவிடும். அதனால் உங்களுக்கு எழுதுகிறேன்.

2

நான் ஈத்தாமொழிக்காரன். நாகர்கோவிலில் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தேன். அங்கே இங்கிலீஷை நன்றாகத்தான் சொல்லிக் கொடுத்தார்கள். இங்கிலாந்து ராஜாக்கள் எத்தனை பேர், யார் தலையை யார் வெட்டினார் என்பதெல்லாம் இப்போது கேட்டாலும் சொல்வேன். ஆனால் தலை போனவனுக்கு எப்படி இருந்தது, வெட்டியவனுக்கு எப்படி இருந்தது என்று யாரும் கேட்டதுமில்லை, சொல்லிக் கொடுத்ததுமில்லை. லீவு வேண்டுமென்றால் காய்ச்சல் என்று எழுத வேண்டும். காய்ச்சலைத் தவிர ஒரு மாணவனுக்கு உள்ளே ஒன்றும் நடக்காது என்பது பள்ளிக்கூடத்தின் தீர்மானம்.

படிப்பு முடிந்ததும் என் அத்தானோடு சேர்ந்தேன். அவர் நாகர்கோவில் தாலுகா கச்சேரிக்கு எதிரே ஒரு சாய்ப்பில் மேஜை போட்டு, திவானுக்கும் பேஷ்காருக்கும் இங்கிலீஷில் மனு எழுதிக் கொடுப்பவர். அத்தானிடம் மொத்தம் மூன்று உணர்ச்சிகள் இருந்தன. கண்ணீர் பெருகுவது ஒன்று, இருதயம் சுக்குநூறாவது ஒன்று, ஆயுள் முழுக்கப் பிரார்த்திப்பது ஒன்று. வரப்புத் தகராறு என்றால் கண்ணீரை மூன்றாம் பத்தியில் வைப்பார். கால்வாயில் தண்ணீர் வரவில்லை என்றால் முதல் பத்தியிலேயே வைப்பார். அடுத்த வீட்டு ஆடு வாழைக்கன்றைத் தின்றதற்கு இருதயம் சுக்குநூறாகும். மனுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருப்பார், காகிதத்தில் கதறிக்கொண்டிருப்பார்.

தோவாளையிலிருந்து வந்த ஒருவர் ஒருநாள் சந்தேகப்பட்டுக் கேட்டார். "என்ன ஓய் எழுதியிருக்கு இதுல?"

"நீரு அழுகேருன்னு எழுதியிருக்கு."

"நான் எப்பம் ஓய் அழுதேன்?"

"திருவனந்தபுரம் வரைக்கும் போவணும்லா. அழுதாத்தான் போவும்."

அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, சரி, கூட ரெண்டு வரி அழும் என்று சொல்லிவிட்டு ரேகை வைத்தார். இந்த மூன்று உணர்ச்சிகளோடுதான் நான் கப்பலேறினேன்.

3

பினாங்கில் இறங்கியதும் ஒரு காகிதத்தைப் பூர்த்தி செய்யச் சொன்னார்கள். 'பிரிட்டிஷ் பிரஜையா?' என்று ஒரு கேள்வி. இல்லை, திருவிதாங்கூர் மகாராஜாவின் பிரஜை என்றேன். அப்படி ஒரு நாடு இருப்பது அந்த அதிகாரிக்குத் தெரியவில்லை. இந்தியாவில் இருக்கிறதா என்றார். இந்தியாவின் நுனியில் இருக்கிறது என்றேன். அப்படியானால் பிரிட்டிஷ்தானே என்றார். அல்ல என்றேன். எனக்குப் பின்னால் வரிசை கப்பல் வரை நீண்டுவிட்டது. கடைசியில் 'மற்றவை' என்றிருந்த கட்டத்தில் எங்கள் மூன்று பேரையும் போட்டார். அன்றுமுதல் அரசாங்கக் காகிதங்களில் நாங்கள் மற்றவை.

வேலை பேராக்கில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில். ஆபீஸில் கிராணி, அதாவது குமாஸ்தா. எனக்கு மேலே பெரிய கிராணியார் இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். இங்கிலீஷ் அகராதியைத் தலைமாட்டில் வைத்துத் தூங்குகிறவர். அவருக்கு மேலே துரை, அதாவது தோட்டத்து மானேஜர், ஸ்காட்லாந்துக்காரர். மலைமேல் பங்களாவில் தனியாக இருந்தார்.

துரையின் இங்கிலீஷைக் கேட்டதும் நான் குழம்பிப் போனேன். அவருக்கு நாள் முழுக்க உணர்ச்சி. மழை வரும் என்று சொல்ல 'ஐ ஆம் அஃப்ரெய்ட்' என்பார். லாரி வரவில்லை என்றாலும் அஃப்ரெய்ட். சுவரில் இரண்டு துப்பாக்கி மாட்டி வைத்திருக்கிற மனுஷனுக்கு லாரியைக் கண்டு என்ன பயம்? லீவு இல்லை என்று எழுதும்போது ரிக்ரெட் என்று எழுதுவார். பழைய வாளிகளைத் திருப்பிக் கொடுத்தால் நிர்வாகம் ஹாப்பி அடையும் என்று நோட்டீஸ் ஒட்டுவார். பத்து வாளிக்கு அவ்வளவு சந்தோஷமா என்று நான் நினைத்தேன். போகப் போகத்தான் தெரிந்தது, இது என் அத்தானின் மேஜையேதான். அவர்களும் காகிதத்தில்தான் அழுகிறார்கள், பக்கத்தில் உட்கார்ந்து சுருட்டுக் குடிக்கிறார்கள்.

துரைக்குத் தமிழும் தெரியும். தோட்டத்துத் தமிழ். வா, போ, வெட்டு, நிறுத்து, நாளைக்கு. உணர்ச்சிக்கு அதிலே ஒரு வார்த்தை கிடையாது.

எங்கள் வீட்டில் உணர்ச்சிக்குப் பஞ்சமே இல்லை. லெட்சுமி திருவட்டாற்றுக்காரி. அவள் பேச்சில் மலையாளம் பாதி. காலையில் எழுந்ததும் அவளுக்கு வெசனம். அரிசி வேகாவிட்டால் வெப்ராளம். பக்கத்து வீட்டுக்காரி புதுச் சேலை கட்டினால் அவளுக்குக் கெறுவு, இவளுக்குச் சங்கடம். நான் பெரிய கிராணியாரிடம் ஒருநாள் இந்த நாலுக்கும் இங்கிலீஷ் கேட்டேன். அவர் அகராதியைப் புரட்டிவிட்டு நாலுக்கும் ஆங்ஸைட்டி என்று ஒரே வார்த்தையைச் சொன்னார். லெட்சுமியிடம் சொன்னேன். "பாவம், வெள்ளக்காரிய. எல்லாத்தையும் ஒரே பெட்டியில போட்டா எப்படி எடுப்பா?" என்றாள்.

4

ரப்பர் விலை விழுந்த வருஷம். மரத்தில் பால் வெட்டுவதைவிட வெட்டாமல் விடுவது லாபம் என்று சொன்னார்கள். தொழிலாளர்களைக் கப்பல் கப்பலாக ஊருக்கு அனுப்பினார்கள். பிறகு ஆபீஸின் முறை வந்தது. ஆறு பேரில் இரண்டு பேரை நிறுத்த வேண்டும், சனிக்கிழமை பட்டியல் வரும் என்று பெரிய கிராணியார் சொன்னார்.

பட்டியலில் பெயர் வந்தால் கப்பல்தான். பகவதிக்கு அப்போது ஏழு வயது. கான்வென்டில் சேர்ந்து ஒரு வருஷம் ஆகவில்லை. ஈத்தாமொழியில் என் அப்பா, மகன் துரைக்கு அடுத்த ஆள் என்று ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். நான் ஒருபோதும் அப்படி எழுதவில்லை. எழுதாததை மறுக்கவும் இல்லை. அந்த அடுத்த ஆள் பெட்டியோடு பஸ்ஸிலிருந்து இறங்கினால் எவ்வளவு நாணக்கேடு!

அந்த வாரம் செவ்வாய்க்கிழமை தபாலில் துரைக்கு ஒரு கடிதம் வந்தது. அவருடைய அம்மா இறந்துவிட்டாள். இறந்து ஒரு மாசம் ஆகியிருந்தது. கடிதம் கடல் தாண்டி வர அவ்வளவு நாள். பெரிய கிராணியார் உடனே ஒரு காகிதத்தை டைப் அடித்தார். கீழே கையெழுத்திட்ட சிப்பந்திகளாகிய நாங்கள் ஆழ்ந்து வருந்துகிறோம் என்று. ஆறு பேரும் கையெழுத்துப் போட்டோம். துக்கம் முடிந்தது என்று மைக்கூட்டை மூடினார்.

எனக்கு முடியவில்லை. மறுநாள் காலையில் துரை ஆபீஸுக்கு வந்து, ஆள்வரவுப் புத்தகத்தில் தவறான இடத்தில் கையெழுத்துப் போட்டார். அடித்துவிட்டு மறுபடியும் தவறான இடத்திலேயே போட்டார். பிறகு பேனாவை வைத்துவிட்டு பங்களாவுக்குப் போய்விட்டார். பெற்ற தாய் செத்திருக்கிறாள், அந்த மனுஷன் வீட்டுப் படியை ஒருத்தர்கூட மிதிக்கவில்லை. எனக்குப் பாவமாக இருந்தது. ஊராக இருந்தால் இதற்குள் வாசலில் செருப்பு குவிந்திருக்கும்.

நல்லவேளை, செவ்வாய் போய் புதன் வந்திருந்தது. செவ்வாயும் வெள்ளியும் சாவு வீட்டுக்குத் துஷ்டி கேட்கப் போகக்கூடாது அல்லவா? பத்து மணிக்கு மலையேறினேன்.

துஷ்டி வீட்டில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பது உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் சொல்கிறேன், பகவதி போன்றவர்கள் பிற்பாடு வாசிக்கக்கூடும். உள்ளே போகும்போது வணக்கம் சொல்லக்கூடாது. வீட்டுக்காரரும் வாருங்கள் என்று சொல்லமாட்டார். செருப்பைக் கழற்றிவிட்டுப் போய் உட்கார வேண்டியது. தரையைப் பார்க்க வேண்டியது. எழுந்து வரும்போது சொல்லிக்கொள்ளக்கூடாது, திரும்பிப் பார்க்கக்கூடாது. போயிட்டு வாறேன் என்று சொன்னால் இன்னொரு சாவுக்கு வருகிறேன் என்றாகிவிடும். பெரிய மனுஷன் சின்ன மனுஷன் என்பதும் அங்கே கிடையாது, யாரும் யார் பக்கத்திலும் உட்காரலாம்.

துரை வராந்தாவில் நாற்காலியில் இருந்தார். நான் செருப்பைக் கழற்றினேன். குட் மார்னிங் சொல்லவில்லை. நேரே போய் அவருக்கு எதிரே இருந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். எங்கள் தோட்டத்தில் துரைக்கு முன்னால் எந்தக் கிராணியும் அதுவரை உட்கார்ந்ததில்லை. எனக்கு அது ஞாபகமே இல்லை. துஷ்டி வீட்டில் யாராவது நிற்பார்களா?

"என்ன விஷயம், தாணு?" என்று இங்கிலீஷில் கேட்டார்.

நான் தரையைப் பார்த்தேன்.

"கூலி லயத்தில் கலாட்டாவா?"

நான் பேசவில்லை. பேசக்கூடாது.

"குடித்திருக்கிறாயா?"

அதற்கும் நான் பேசவில்லை. சமையல்காரர் கதவோரம் வந்து நின்று வேடிக்கை பார்த்தார். கால் மணி நேரம் ஆனதும் எழுந்தேன். சொல்லிக்கொள்ளாமல், திரும்பிப் பார்க்காமல் படியிறங்கி வந்துவிட்டேன். மனசு லேசாக இருந்தது. ஒரு மனுஷனுக்குச் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டோம் என்று நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

மூன்று மணிக்கு மெமோ வந்தது. அனுமதியின்றி பங்களாவுக்குள் நுழைந்தது, மேலதிகாரியின் முன்னால் உட்கார்ந்தது, கேள்விக்குப் பதில் சொல்ல மறுத்தது, விடைபெறாமல் சென்றது. வெள்ளிக்கிழமை காலைக்குள் எழுத்தில் சமாதானம் சொல்ல வேண்டும்.

ஆள் குறைக்கிற வாரத்தில், வாயைத் திறக்காமல் எதிரே வந்து உட்கார்ந்தவனை துரை என்னவென்று நினைப்பார்? வேலைநிறுத்தக்காரன் என்று நினைத்துவிட்டார்.

5

முதலில் அத்தான் வழியில் எழுதினேன். கண்ணீர் பழையாறு போலப் பெருகியது. இருதயம் ஆயிரம் துண்டாயிற்று. தாயாரின் ஆத்மாவுக்கு என் சந்ததிகள் உள்ளளவும் பிரார்த்திப்பதாக வாக்குக் கொடுத்தேன். இரண்டரைப் பக்கம் வந்தது.

பெரிய கிராணியார் வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "என்ன காணும் இது? செத்தது துரையின்ரை தாயோ, உம்மடை தாயோ?"

"துரையோட அம்மை, சார்."

"அப்ப ஏன் காணும் அவரைவிட நீர் கூட அழுகிறீர்? விடும், நான் எழுதித் தாறன்."

அவர் எழுதியது நாலே வரி. ஏற்பட்ட அசௌகரியத்துக்கு ரிக்ரெட் செய்கிறேன், மறுபடி நேராது. அருமையான இங்கிலீஷ்தான். ஆனால் சனிக்கிழமை பட்டியலும் 'ஐ ரிக்ரெட்' என்றுதான் தொடங்கும் என்பது எனக்குத் தெரியும். துரை தினமும் அடுத்தவன் தலையில் கொட்டுகிற சொல்லை எடுத்து அவர் அம்மா சாவுக்குக் கொடுக்கவா? மேலும் நான் வருந்தவில்லை. உட்கார்ந்ததில் என்ன தப்பு?

வியாழக்கிழமை ஆபீஸ் முடிந்து வந்து வீட்டில் காகிதத்தோடு உட்கார்ந்தேன். ஒரு வரியும் ஓடவில்லை. பகவதி தன் பாடப் புத்தகத்தோடு பக்கத்தில் வந்தாள். அதில் நாலு முகங்கள் படம் போட்டிருந்தன. சிரிக்கிற முகத்துக்கு ஹாப்பி, உறுமுகிற முகத்துக்கு ஆங்ரி, மிரண்டு விழிக்கிற முகத்துக்கு அஃப்ரெய்ட், வாய் கீழே வளைந்த முகத்துக்கு ஸாட்.

"நீங்க எந்த முகம்பா?"

நாலையும் பார்த்துவிட்டு வாய் வளைந்ததைக் காட்டினேன்.

"ஸாட். மூணே எழுத்து. இதை எழுதுறதுக்கா இவ்வளவு நேரம்?"

லெட்சுமி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். "இஞ்ச பாருங்கோ. எதுக்குப் போனியள்னு அவரு கேட்டிருக்காரு. எதுக்குப் போனியளோ அதைச் சொன்னா என்னவாம்? பொம்பளைய கோர்ட்டுக்குப் போனா இப்படியா சுத்துவோம்?"

அந்த இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்து எழுதி முடித்தேன். நான் எழுதிய இங்கிலீஷைத் தமிழில் சொன்னால் இவ்வளவுதான்:

'ஐயா, எங்கள் ஊரில் அம்மா இறந்தால் ஆட்கள் வருவார்கள். வணக்கம் சொல்லமாட்டார்கள். உட்காருவார்கள். பேசமாட்டார்கள். போகும்போது சொல்லாமல் போவார்கள். உங்கள் வீட்டுக்கு யாரும் வரவில்லை. நான் வந்தேன். உட்கார்ந்தேன். போனேன். நான் குடிக்கவில்லை. எனக்கு ஸாட் ஆக இருந்தது. தாணு.'

6

பெரிய கிராணியார் அதைத் தொட மறுத்துவிட்டார். "இதுவோ இங்கிலீஷ்? கீழ்ப்படிதலுள்ள ஊழியன் எண்டு ஒரு சொல் இருக்கோ? இதை நான் மேலை அனுப்ப மாட்டன். கப்பலுக்குப் பெட்டியைக் கட்டும்."

வெள்ளிக்கிழமை காலை நானே கொண்டுபோனேன். இந்த முறை குட் மார்னிங் சொன்னேன், நின்றேன். துரை வாசித்தார். சின்னக் கடிதம்தான். ரொம்ப நேரம் வாசித்தார். பிறகு காகிதத்திலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்.

"எவ்வளவு நேரம் உட்காருவார்கள்?"

கேட்ட கேள்விக்குப் பதில் எனக்குத் தெரிந்திருந்தது. "அது செத்தவரைப் பொறுத்தது, சார். தெரியாதவர் என்றால் கால் மணி. நெருங்கியவர் என்றால் அரை மணி."

"நீ எவ்வளவு நேரம் உட்கார்ந்தாய்?"

"கால் மணி, சார். உங்கள் அம்மாவை எனக்குத் தெரியாது."

அவர் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பா, வேறு ஏதாவதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. எழுந்து உள்ளே போய்விட்டார். நான் பத்து நிமிஷம் நின்று பார்த்துவிட்டு இறங்கி வந்தேன். சொல்லிக்கொள்ள ஆள் இல்லாததால் சொல்லாமலேதான் வந்தேன்.

சனிக்கிழமை பட்டியலில் என் பெயர் இல்லை. ஸ்டோர் பார்த்த ஒரு தஞ்சாவூர்க்காரரும், கூலிக் கணக்கு செக்ரோல் எழுதிய இன்னொருவரும் போனார்கள். தஞ்சாவூர்க்காரரின் இங்கிலீஷ் என்னுடையதைவிடப் பத்து மடங்கு மேல். நான் தப்பியதில் ரொம்பச் சந்தோஷப்பட்டேன். அவர் பெட்டியை லாரியில் தூக்கி வைக்கும்போது கைகொடுத்தேன், எனக்கு வெட்கமாக இருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் இருந்தன. அதற்கு பகவதியின் புத்தகத்தில் முகம் இல்லை.

7

மூன்று வருஷம் கழித்து ஈத்தாமொழியில் என் அப்பா இறந்தார்.

அத்தான்தான் எழுதியிருந்தார். ஓரத்தில் கறுப்பு மை தடவிய கார்டு. எனக்கு வந்து சேர்ந்தபோது பதினாறாம் நாளும் கழிந்துவிட்டது. அத்தான் தமிழில் எழுதினாலும் கை பழக்கம் விடவில்லை, கண்ணீரைச் சரியாக மூன்றாவது பத்தியில்தான் வைத்திருந்தார். எனக்கு முதல் வரியிலேயே வந்துவிட்டது. கடைசி வரையில் மகன் துரைக்கு அடுத்த ஆள் என்றே சொல்லிக்கொண்டிருந்தாராம்.

தோட்டத்து நாவிதரை வரவழைத்துத் தலையை மழித்துக்கொண்டேன். குழாயடியில் குளித்தேன். எல்லாம் முடிந்துபோன சாவுக்கு வேறென்ன செய்ய? ஆபீஸில் ஒரு காகிதம் டைப் அடித்தார்கள். கீழே கையெழுத்திட்ட சிப்பந்திகள். பெரிய கிராணியார் மட்டும் காகிதத்தைக் கொடுத்தபின் என் தோளில் ஒரு நிமிஷம் கை வைத்திருந்தார். அவர் அகராதி பார்க்காமல் செய்த காரியம் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

மறுநாள் சாயங்காலம் நாலு மணி இருக்கும். எங்கள் குடியிருப்பில் வீடுகள் எல்லாம் ஒன்றுபோல வரிசையாக இருக்கும். நான் உள்ளேயிருந்து வந்து முன்புறத்து பெஞ்சில் உட்கார்ந்தேன். பக்கத்து வீடு ஆஸ்பத்திரி டிரஸ்ஸருடையது, அவர் கொல்லத்துக்காரர். அவர் வீட்டு வாசலில் ஒரு ஜோடி பெரிய பூட்ஸ் கிடந்தது. தோட்டத்தில் அந்த அளவு பூட்ஸ் ஒருத்தருக்குத்தான் உண்டு.

டிரஸ்ஸர் பிற்பாடு சொன்னார். துரை தலையைக் குனிந்தபடியே உள்ளே வந்தார், யார் முகத்தையும் பார்க்கவில்லை, ஒன்றும் பேசவில்லை, நாற்காலியில் உட்கார்ந்து தரையையே பார்த்தாராம். டீ கொடுத்தால் கையால் வேண்டாமென்றாராம். இவர் நின்றபடியே நடுங்கி, ஆஸ்பத்திரியில் காணாமல் போன குவினைன் பாட்டில்களை எல்லாம் ஒவ்வொன்றாக ஒப்புக்கொண்டாராம். அதற்கும் துரை பேசவில்லை. பிறகு எழுந்து சொல்லாமல் வெளியே வந்துவிட்டார்.

வெளியே வந்தவர் என்னைப் பார்த்தார், என் மொட்டைத் தலையைப் பார்த்தார். டிரஸ்ஸர் வீட்டுக் கதவைத் திரும்பிப் பார்த்தார். முகம் செம்பருத்தியாகச் சிவந்தது. பூட்ஸைக் கையில் எடுத்துக்கொண்டு, காலுறையோடு ஈரத் தரையில் நடந்து எங்கள் வீட்டுக்கு வந்தார். பூட்ஸை வாசலில் வைத்தார். வாய்க்கு வாய் சாரி சொல்கிற மனுஷன், சொல்லவில்லை. வந்து பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

நான் எழவில்லை. வாருங்கள் என்று சொல்லவில்லை. லெட்சுமி கதவருகில் நின்றாள், காப்பி என்ற பேச்சே எடுக்கவில்லை. பகவதி கான்வென்ட் பழக்கத்தில் 'குட் ஆஃப்...' என்று தொடங்கினாள். லெட்சுமி அவள் வாயைப் பொத்தினாள்.

துரையின் இடது காலுறையில் ஓட்டை இருந்தது. கட்டைவிரல் முழுக்க வெளியே தெரிந்தது. துக்கத்திலும் நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் அந்த விரலை மற்ற காலுக்கு அடியில் மறைத்து வைக்கப் பார்த்தார். மறையவில்லை.

சுவர்க் கடிகாரத்தில் கால் மணி ஆயிற்று. எழுந்து விடுவார் என்று நினைத்தேன். தெரியாதவருக்குக் கால் மணி என்று நான்தானே சொன்னேன்? அவர் எழவில்லை. தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். இருபது நிமிஷம் ஆயிற்று. இருபத்தைந்து ஆயிற்று. ஈத்தாமொழி எங்கே இருக்கிறதென்றுகூட அந்த மனுஷனுக்குத் தெரியாது. என் அப்பாவின் பெயர் தெரியாது. அப்போதுதான் எனக்கு மனசிலாயிற்று. நான் அழுதேன். பெரிய சத்தம் போட்டே அழுதேன். அவர் தலையைத் தூக்கவில்லை, என்னைத் தொடவில்லை, ஒரு சொல் சொல்லவில்லை. ஊர்க்காரர் ஒருவர் எப்படி உட்கார்ந்திருப்பாரோ அப்படியே உட்கார்ந்திருந்தார்.

அரை மணி ஆனதும் எழுந்தார். படியில் ஒரு கணம் நின்றார், குட்பை சொல்ல வாய் திறந்தது. ஞாபகம் வந்து மூடிக்கொண்டார். பூட்ஸைக் கையில் பிடித்தபடியே, திரும்பிப் பார்க்காமல் மலைப் பாதையில் போனார்.

8

அன்று பகவதிக்குப் பத்து வயது. அவள் பார்த்ததைத்தான் இப்போது எழுதியிருக்கிறாள். எங்கள் ஊரையே பார்த்த ஞாபகம் இல்லாத பெண். சுசீந்திரம் தேரைப் பற்றிச் சொன்னால் கொட்டாவி விடுவாள். இவளுக்கு ஊர் ஒன்றும் ஒட்டவில்லை என்று நான் பல நாள் வெசனப்பட்டிருக்கிறேன்.

திங்கட்கிழமை திருத்தி எழுதிக் கொடுக்க வேண்டும். நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு என் முன்னால் உட்கார்ந்தாள்.

"என்னப்பா திருத்த?"

"ஒரு இடத்துலதான் குறை இருக்கு மக்கா. 'வந்து உட்கார்ந்தார்'னு விட்டுட்ட. 'அரை மணி நேரம்' உட்கார்ந்தார்னு சேத்துக்கோ."

அவள் என்னைப் பார்த்தாள். பேனாவை எடுத்துச் சேர்த்தாள். "அதுக்கும் சிஸ்டர் சிவப்பு மை போடுவாங்கப்பா."

"போடட்டும். நீ எழுது."

லெட்சுமி அடுக்களையிலிருந்து சொன்னாள். "ஏட்டி, காலுறை கிழிஞ்சு கெடந்ததை மட்டும் எழுதாண்டாம். பாவம், அம்மை இல்லாத மனுஷன்."